கரித்துணி அலசிய தண்ணீர்

மன்ஹோவின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்காலி அவர் வாங்கிப் போட்டதல்ல. ஹாம் அம்மாவின் குளிர் நூடுல்ஸ் கடையில், சமையலறைக் கதவை ஒட்டி, தூணுக்குப் பின்னால், ஒரே ஒரு ஆள் உட்காருகிற குட்டி மேசை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து நாலு வருஷமாக, திங்கட்கிழமை விடுமுறை நீங்கலாக, தினமும் மதியம் அவர் அங்கேதான் உட்காருவார். வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. கதவு திறக்கும், எவர்சில்வர் கிண்ணம் வரும், கதவு மூடிக்கொள்ளும்.

இன்று அந்த இடத்தில் தலைமுடிக்கு ஊதா சாயம் பூசிய பெண் ஒருத்தி, கிண்ணத்தைச் சாப்பிடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நூடுல்ஸ் மேலிருந்த பாதி முட்டையை இடப்பக்கம் நகர்த்தி ஒரு படம், வலப்பக்கம் நகர்த்தி ஒரு படம்.

எல்லாக் கடையிலும் போல இங்கேயும் பரிமாறுகிறவளை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். மன்ஹோ அவளைத் தூணோரம் ஒதுக்கினார்.

"சித்தி, என் இடத்துல யாரோ இருக்காங்க."

"பாத்தேன் மேனேஜர் ஐயா. எழுப்பினா சண்டைக்கு வருவாங்க. செல்போன் மேப்புல எவனோ நம்ம கடைக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டானாம். அதப் பாத்துட்டு வந்திருக்காங்க."

"அஞ்சா?"

"அஞ்சு."

அவர் நாற்பது நிமிஷம் நின்றார். கிண்ணம் வந்தபோது வயிற்றில் பசி போய் வேறொன்று வந்திருந்தது. பயம்தான்.

பயப்படக் காரணம் இருந்தது. கொரியாவின் சுவோன் நகரில் ஒரு கடைக்கு நல்ல பெயர் வந்துவிட்டால் அதோடு அந்தக் கடை பழைய ஆட்களுக்கு இல்லை. தெற்குவாசல் சந்தைக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு பன்றி எலும்புச் சூப்புக் கடை போனது. கூட்டம் வந்தது, பக்கத்துக் கடையை இடித்து விரித்தார்கள், சூப்பில் தண்ணீர் விரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கொழுக்கட்டைக் கடை. இப்போது மிச்சம் இருப்பது இந்தக் கிண்ணம் ஒன்றுதான். மன்ஹோவுக்குப் பேரன் பேத்தி கிடையாது, சீட்டாட்டம் தெரியாது, மீன் பிடிக்கப் பொறுமை இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து மதியத்துக்காகக் காத்திருப்பதுதான் அவருடைய ஓய்வுக்காலம்.

அந்தக் கிண்ணத்தின் அருமை எல்லோருக்கும் விளங்காது. வடகொரியாவின் பியோங்யாங் பாணிக் குளிர் சாறு, அதில்தான் நூடுல்ஸ் மிதக்கும். முதல் வாய்க்கு ஒன்றுமே தெரியாது. இரண்டாவது வாய்க்கும் தெரியாது. மூன்றாவதில், எங்கோ தூரத்தில் ஒரு மாடு நடந்து போனது போல லேசாக ஒரு வாசம். அதைப் பிடிக்க நாக்கு வேண்டும். மன்ஹோ நகராட்சியின் குடிநீர்த் தரப் பிரிவில் மேனேஜராக இருந்தவர். முப்பது வருஷம் அரசாங்கச் சம்பளத்தில் தண்ணீர் குடித்தவர். தன் நாக்கைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் கொஞ்சம் பெரியது. அதை அவர் அடக்கமாக வைத்துக்கொண்டதும் இல்லை.

பக்கத்து மேசைக்காரர் ஒருவர் ஒருநாள், "இன்னிக்குச் சாறு கொஞ்சம் தூக்கலா இருக்கு இல்ல?" என்று கேட்டபோது, மன்ஹோ அவரைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்ததோடு விட்டுவிட்டார். எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்து முடியுமா?

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி மல்சூன் ஒரு கிண்ணம் சாறு வைத்தாள். மன்ஹோ ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியை வைத்தார்.

"இதுல ஏதாவது போட்டியா, இல்ல போட நெனச்சு மறந்துட்டியா?"

"டாக்டர் என்ன சொன்னாரு? உப்பு ஆகாதுன்னாரா இல்லையா?"

"டாக்டர் சொன்னதுக்காகக் கரித்துணி அலசின தண்ணியக் குடிக்கணுமா? நான் தினம் வெளிலதான் சாப்பிடறேன். போன மாசம் பிரஷர் பாத்தாங்க. இருபது வயசுப் பையன் மாதிரி இருக்குன்னாங்க. இதுக்கு என்ன சொல்ற?"

மல்சூன் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய்த் தட்டை அவர் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தாள். மறுநாள் விடியற்காலையில், வழக்கம்போல, முதுகுப்பையில் பெரிய ஃப்ளாஸ்க்கை வைத்துக்கொண்டு மலை ஏறப் போய்விட்டாள். தினமும் ஏறுகிறாள். வியர்த்து அவர் பார்த்ததில்லை.

அவள் போனதும் மன்ஹோ செல்போனை எடுத்தார். அந்த ஐந்து நட்சத்திரத்தை ஒற்றை நட்சத்திரத்தால்தான் அடிக்க வேண்டும். 'நேர்மையான நாக்கு' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்தச் சாற்றைத் திட்ட அவருக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அரைமணி நேரம் யோசித்து, கடைசியில் வீட்டில் சொல்கிற வார்த்தையையே கடன் வாங்கினார்.

'சாறு கரித்துணி அலசிய தண்ணீர் போல இருக்கிறது. உப்பு இல்லை, உறைப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. போகாதீர்கள்.'

மூன்றாம் நாள் கடை வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள்.

கழுத்துப்பட்டை கட்டிய ஆபீஸ் ஆள் ஒருவர் முன்னால் நின்றார். மன்ஹோ பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, இந்தக் கடை நல்லா இல்லைன்னு போட்டிருக்காங்களே, பாக்கலயா?"

"அதப் பாத்துட்டுத்தான் ஐயா வந்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கரித்துணித் தண்ணின்னு எழுதியிருக்கான் ஒருத்தன். அப்படின்னா அசல் பியோங்யாங் பாணி. தெரியாத மடையன் திட்டினாத்தான் தெரிஞ்சவனுக்கு அடையாளம்."

"மடையனா?"

"பின்ன?"

கடைக்குள்ளே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். வினிகர் கலந்தால் அசல் ருசி கெடும் என்று புட்டியை ஒருவரும் தொடவில்லை. நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டப் போன ஒருவனை இரண்டு மேசைகள் திரும்பி முறைத்தன. அடுத்த மேசையில் ஒரு பையன் தன் காதலியிடம் மெதுவாக, "நல்லா உப்பாத்தானே இருக்கு?" என்றான்.

"சும்மா இரு. யாராவது கேட்டா நமக்கு ருசி தெரியலன்னு நெனப்பாங்க," என்றாள் அவள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பா, எவ்வளவு சப்புன்னு இருக்கு," என்று பெருமூச்சு விட்டாள்.

ருசி தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று மன்ஹோ நினைத்திருக்கவில்லை. அது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சாற்றைத் தொட்டதுதான் தப்பு என்று அவருக்குப் பட்டது. இந்தத் தடவை உபசரிப்பில் கை வைத்தார். ஹாம் அம்மா சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தட்டில் ஈ உட்கார்ந்தால்கூட "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்கிற ரகம். அவரைப் பற்றி மன்ஹோ மனசறிந்து ஒரு பொய் எழுதினார்: 'வினிகர் கேட்டேன். முதலாளியம்மா புட்டியைப் பிடுங்கிக்கொண்டு, சாப்பிடத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்.'

எழுதி முடித்ததும் மனசு உறுத்தியது. நல்ல காரியத்துக்காக என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த வார இறுதியில் தலைநகர் சியோலிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். திட்டு வாங்க. வாய்க்கு வந்தபடி திட்டுகிற அம்மாவின் கடையில்தான் அசல் ருசி இருக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை.

ஹாம் அம்மா மன்ஹோவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"மேனேஜர் ஐயா, நீங்க படிச்சவரு. நீங்கதான் சொல்லணும். அஞ்சாம் மேசைல ஒருத்தர் காசு குடுத்துட்டு நகர மாட்டேங்கிறாரு. இன்னும் திட்டலியேங்கிறாரு."

"திட்டாதீங்க. திட்டலேன்னா வரமாட்டாங்க."

"திட்டாம அனுப்பினதுக்கு நேத்து ஒருத்தி ஒரு நட்சத்திரம் போட்டுட்டாளே. எனக்கு அதெல்லாம் வராதுங்க. ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பாத்தேன். சிரிப்பு வந்துருச்சு."

வேறு வழியில்லாமல் அந்த அம்மாள் ஐந்தாம் மேசைக்குப் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, "நீங்கள்லாம் ஒரு மனுஷனா," என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் "ங்க" என்று சேர்த்துக்கொண்டார். ஐந்தாம் மேசை கைதட்டியது. தன் சம்சாரத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார் அந்த ஆள்.

அன்று வீட்டில் மல்சூன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சிவக்க உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, நீங்க போற கடையப் பத்தி எவனோ எழுதியிருக்கான், பாத்தீங்களா? சாறு கரித்துணி அலசின தண்ணியாம்."

மன்ஹோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எவனாவது விவரம் தெரியாதவனா இருப்பான்."

"இது நீங்க சொல்ற வார்த்தையாச்சே."

"ஊர்ல எல்லாரும் சொல்ற வார்த்தைதான்."

"எவளோ ஒருத்தி விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, மாட்டிறைச்சிய வேகவெச்சு, நுரை எடுத்து எடுத்து, கண்ணு எரிய எரியக் காய்ச்சறா. அவ மனசு என்ன பாடுபடும்?"

"அந்த அம்மாவுக்கு இல்லாத கோபம் உனக்கு ஏன் வருது?"

மல்சூன் எழுந்துபோய்ப் பாத்திரங்களைச் சத்தத்தோடு கழுவினாள். ஒரு கடைக்காரிக்காக இவ்வளவு இரக்கப்படுகிற மனுஷி, கட்டின புருஷனுக்கு ஒரு சிட்டிகை உப்புப் போட மாட்டேன் என்கிறாளே என்று மன்ஹோவுக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டும் என்று கட்டடத்தைப் பற்றியும் எழுதினார். கடையின் பெயர்ப்பலகையில் எழுத்து பாதி உதிர்ந்துவிட்டது. முக்காலிகள் ஆடுகின்றன. கழிவறை பக்கத்துக் கட்டடத்தில், அதன் சாவியை ஒரு பெரிய சோற்றுக் கரண்டியில் கட்டி வைத்திருக்கிறார்கள். இதில் பொய் ஒன்றுகூட இல்லை. அதுதான் வினையாகப் போனது. பழசுக்கு அலைகிற காலம் இது. அடுத்த நாளே பையன்களும் பெண்களும் கரண்டியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள நின்றார்கள். கழிவறைக்குப் போகிற உத்தேசம் அவர்கள் ஒருவருக்கும் இல்லை. நிஜமாகவே போக வேண்டியவர்கள் பின்னால் நின்று தவித்தார்கள்.

இத்தனை களேபரத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. எவ்வளவு நேரம் கழித்து, எந்த மேசையில் உட்கார்ந்தாலும், சித்தி அவருடைய கிண்ணத்தைத் தனியாக எடுத்துவந்து வைத்தாள். அதே ஒன்றுமில்லாத சாறு. அதே தூரத்து மாடு. குடிக்கும்போது அவருக்குத் தொண்டை இளகும். இதற்காக எதையும் செய்யலாம் என்று தோன்றும்.

கடைசியாக அவர் நகராட்சி மூளையைப் பயன்படுத்தினார். ஜனங்களை விரட்ட வேண்டுமென்றால் விதி போட வேண்டும். முப்பது வருஷ அனுபவம்.

"ஹாம் அம்மா, ஒரு ரூல் போட்ருங்க. நாளைலேருந்து யாரா இருந்தாலும் வரிசை. வரிசைல நிக்காம ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது. முன்வாசலும் சரி, பின்வாசலும் சரி."

ஹாம் அம்மா சித்தியைப் பார்த்தார். சித்தி ஹாம் அம்மாவைப் பார்த்தாள்.

"பின்வாசல் வழியா ஒண்ணு ரெண்டு பேர் காலைல வருவாங்களே ஐயா," என்றார் ஹாம் அம்மா தயங்கித் தயங்கி.

"யாரு? காய்கறிக்காரனா? அவனும் நிக்கட்டும். ஒருத்தருக்கு விட்டா ஊருக்கே விட்ட மாதிரி. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"சில பேர் நமக்கு ரொம்ப வேண்டியவங்க..."

"வேண்டியவங்கதான் மொதல்ல நிக்கணும். இதையெல்லாம் பாத்தா நிர்வாகம் பண்ண முடியாது."

படித்தவர் சொல்கிறார் என்று ஹாம் அம்மா தலையாட்டினார். மன்ஹோ தன் கைப்படவே கொட்டை எழுத்தில் பலகை எழுதி மாட்டினார். வாசலில் காவலுக்கு ஹாம் அம்மாவின் மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். புசானில் கப்பல் துறையில் வேலை பார்த்தவன். ஊரில் ஒருவர் முகமும் அவனுக்குத் தெரியாது. அதுதான் தகுதி என்றார் மன்ஹோ. அவன் கழுத்தில் தொங்க ஒரு விசிலையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மல்சூன் மலையிலிருந்து சீக்கிரமே திரும்பினாள். முகம் சரியில்லை. ஃப்ளாஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜுக்குள் தொம்மென்று வைத்தாள். கனமாக இருந்திருக்க வேண்டும்.

"என்ன, போன சுருக்குல வந்துட்ட?"

"மலைல கூட்டம். ஏற விடல."

"மலைக்குக்கூடவா வரிசை?"

"ஆமா. எவனோ ஒரு படிச்ச முட்டாள் ரூல் போட்டிருக்கானாம்," என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாடு எங்கே போகிறது என்று நினைத்துக்கொண்டே மன்ஹோ கடைக்குப் புறப்பட்டார்.

சந்து முனையைத் தாண்டி, செருப்புத் தைக்கிறவர் கடையையும் தாண்டி, மருந்துக்கடை வாசல்வரை வரிசை நின்றது. கடைசி ஆளிடம் போய், "எதுக்கு நிக்கறீங்க?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. இவ்வளவு நீளமா இருக்கே, ஏதாவது நல்லதாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

மன்ஹோ அவருக்குப் பின்னால் நின்றார். வேறென்ன செய்ய? பலகையில் இருந்தது அவருடைய கையெழுத்து. ஒருமுறை நைசாகப் பக்கவாட்டில் நழுவப் பார்த்தார். மாப்பிள்ளை விசில் ஊதினான்.

இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே நுழைந்தபோது கடைக்குள் வெள்ளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளூர் டிவிக்காரர்கள். மைக் பிடித்த பெண்ணிடம் ஹாம் அம்மா, "போ போ, எச்சில் கையால காக்கா ஓட்டாத மூஞ்சி," என்று வெட்கப்பட்டுக்கொண்டே திட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்வை மன்ஹோ மேல் விழுந்தது.

"இதோ, இவருதான் எங்க பழைய வாடிக்கையாளர். நாலு வருஷமா ஒரு நாள் தவறாம வர்றாரு."

விளக்கெல்லாம் அவர் பக்கம் திரும்பியது. நடு மேசையில் அவரை உட்காரவைத்தார்கள். சித்தி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஐயா, ஒரு வாய் குடிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க," என்றாள் மைக்காரி.

மன்ஹோ கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார்.

உப்பு. முதல் வாயிலேயே உப்பு. அதற்குப் பின்னாலேயே இறைச்சி, முள்ளங்கிப் புளிப்பு, கொழுப்பு, எல்லாம் முட்டி மோதிக்கொண்டு உள்ளே வந்தன. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். மாடு எங்கோ தூரத்தில் நடக்கவில்லை, நாக்கின் மேலேயே நின்றது. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கெடுத்துட்டாங்க," என்றார்.

"என்ன சொல்றீங்க ஐயா?"

"இது அந்தச் சாறு இல்ல. கூட்டத்துக்காக உப்பள்ளிக் கொட்டிக் கெடுத்துட்டாங்க. எதுக்குப் பயந்தேனோ அது நடந்துருச்சு." அவருக்குக் குரல் உடைந்தது. அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்றார். "எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு நட்சத்திரம் போட்டவன் நான்தான். அந்த நேர்மையான நாக்கு நான்தான். கரித்துணித் தண்ணின்னு எழுதினது பொய். இந்த அம்மா திட்டினாங்கன்னு எழுதினதும் பொய். கூட்டம் வரக்கூடாதுன்னு எழுதினேன். ஏன்னா அந்தச் சாறு அப்படி. உப்ப நம்பாம, காரத்த நம்பாம, கைய மட்டும் நம்பிக் காய்ச்சின சாறு. இந்த நாட்ல அப்படிக் காய்ச்ச இன்னொரு கை கிடையாது. அந்தக் கை யாருதா இருந்தாலும் நான் விழுந்து கும்பிடுவேன். அது போச்சேன்னு எனக்கு அழுகையா வருது."

நிஜமாகவே அழுதார். காமிராக்காரன் கிட்டே வந்து அதைப் பெரிதாக எடுத்தான். வரிசையில் நின்றவர்கள்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். "பாத்தியா, நான் உப்புன்னு அன்னிக்கே சொன்னேன்ல," என்று எங்கோ ஒரு பையன் குரல் கேட்டது.

சித்தி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"மேனேஜர் ஐயா, இங்க எல்லாருக்கும் என்னிக்கும் ஊத்தறது இதுதான், உங்க கிண்ணத்துக்கு மட்டும் நாலு வருஷமா உங்க வீட்டம்மா விடிகாலைல உப்பில்லாம காய்ச்சின சாற ஃப்ளாஸ்க்ல கொண்டாந்து குடுத்துட்டுப் போவாங்க, இன்னிக்கு நம்ம மாப்பிள்ளை விசில் ஊதி அவங்களையும் வரிசைல நிக்கச் சொல்லிட்டாரு."